முதலில் ஸ்ரேப்ளர், பிறகு மவுஸ்: ஸ்லைட்டுகளைத் திசை பிசகாமல் பிரின்ற் எடுப்பது

பரீட்சைக்கு முந்தின கிழமை என்றால், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸுக்குக் கிட்ட நான் வேலை செய்யும் போட்டோக்கொப்பிக் கடையில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நிற்க இடம் இருக்காது. அப்படியொரு நாளில் முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி வந்து ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தாள். வீட்டுப் பிரின்ரரில் எடுத்தது. ஒவ்வொரு தாளிலும் மேல் பாதியில் ஒரு ஸ்லைட், கீழ்ப் பாதி வெறும் வெள்ளை. மொத்தம் 48 தாள்.

"அண்ணை, ஸ்லைட் குறுக்காலதானே கிடக்குது. அதால பேப்பரையும் குறுக்கால திருப்பி வச்சுப் பாத்தனான். பிரின்ரர் இழுக்குதில்லை."

"அது இழுக்காது பிள்ளை. பேப்பர்ல பிழை இல்லை. நோட்ஸ் பேஜஸ் எண்டு குடுத்திருக்கிறியள்."

"எனக்கு நோட்ஸ்தானே வேணும்?"

அவள் கேட்டது நியாயம். விரிவுரைக் குறிப்பை நாங்கள் எல்லாரும் நோட்ஸ் என்றுதான் சொல்கிறோம். பவர்பொயின்ற்றும் அதே சொல்லை வைத்திருக்கிறது, ஆனால் அங்கே அதற்குப் பொருள் வேறு. மேலே ஸ்லைட், கீழே பேசுபவர் தன் ஞாபகத்துக்கு எழுதி வைத்த குறிப்பு. விரிவுரையாளர் அந்த இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டால் கீழ்ப் பாதி வெள்ளையாகத்தான் வரும்.

அவளைப் போல முதல்முறை ஸ்லைட் பிரின்ற் எடுப்பவர்களுக்கும், வீட்டில் புதிதாகப் பிரின்ரர் வாங்கி வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் கடையில் வேலை பழக வரும் பெடியங்களுக்கும் நான் இந்த ஒழுங்கில்தான் சொல்லிக் கொடுப்பது.

தட்டில் இருக்கிற தாளைத் தொடாதீர்கள்

லான்ட்ஸ்கேப், அதாவது குறுக்கு, என்று கொடுத்தால் பிரின்ரர் தாளைத் திருப்புவதில்லை. கணினி படத்தை 90 பாகை திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். தாள் எப்போதும் போல நெடுக்காகவே உள்ளே போகும், படம் அதன் மேல் படுத்தபடி விழும், எடுத்த பிறகு நீங்கள் தாளைத் திருப்பிப் பார்ப்பீர்கள். ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலம், 297 மில்லிமீற்றர் நீளம். வீட்டுப் பிரின்ரர்களின் வாய் பொதுவாக 216 மில்லிமீற்றர் வரைதான் திறக்கும். 297ஐக் குறுக்காகத் திணித்தால் எங்கே போவது? கடையில் இருக்கும் பெரிய இயந்திரங்களில் ஏ4 தாளை இரண்டு பாட்டுக்கும் வைக்கலாம். அப்போதும் இயந்திரம் தானே கணக்குப் பார்த்துப் படத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே தாள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பிழை வேறு நாலு இடங்களில் ஒன்றில் இருக்கும். ஒன்று, ஸ்லைட் கோப்புக்குள் ஸ்லைட்டுக்கென்று வைத்திருக்கும் திசை. இரண்டு, பிரின்ற் எடுக்கும்போது ஒரு தாளில் ஸ்லைட்டுகளை எப்படி அடுக்குவது என்று நீங்கள் தெரிவு செய்வது. மூன்று, பிரின்ரரின் சொந்தச் செற்றிங். நாலாவது, இரண்டு பக்கமும் அடித்தால் தாளை எந்த ஓரத்தால் புரட்டுவது என்பது. இந்த நாலும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமல் தன்பாட்டில் வேலை செய்பவை. ஓர் இடத்தில் பிழை இருக்க, மற்ற மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் கடைசியில் எது முதலில் எப்படி இருந்தது என்பதே மறந்துபோகும்.

வந்த தாளைப் பார்த்தே சொல்லலாம்

மேல் பாதியில் ஸ்லைட், கீழே வெறுமை: அந்தப் பிள்ளைக்கு நடந்ததுதான், நோட்ஸ் பேஜஸ்.

நெடுக்குத் தாளின் நடுவில் ஒரு ஸ்லைட் சிறிதாக மிதந்தால், ஹான்டவுட்ஸில் (ஒரு தாளில் எத்தனை ஸ்லைட் என்று அடுக்கும் தெரிவு) 1 ஸ்லைட் என்று கொடுத்திருக்கிறீர்கள், அல்லது பிடிஎவ்வை எடுக்கும்போது போர்ட்ரெயிற், அதாவது நெடுக்கு, என்று கட்டாயப்படுத்தியிருக்கிறீர்கள். இதில் எவ்வளவு நட்டம் என்று ஒருமுறை கணக்குப் பார்த்தேன். இன்றைய அகன்ற 16:9 ஸ்லைட் ஏ4 தாளில் குறுக்காக விழுந்தால் 297க்கு 167 மில்லிமீற்றர் பிடிக்கும். அதுவே நெடுக்குத் தாளில் 210க்கு 118. பெருக்கிப் பாருங்கள், பரப்பளவு சரி பாதி. ஏ4 தாளின் நீளம் அகலத்தின் √2 மடங்காக இருப்பதால் வரும் விளைவு இது. தாளுக்குக் காசு முழுதாகப் போகும், எழுத்து பாதியாகும்.

வலப்பக்கம் வெட்டுப்பட்டு வந்தால் அதை எல்லாரும் திசைப் பிழை என்றுதான் கொண்டுவருவார்கள். உண்மையில் அது அளவுப் பிழை. பவர்பொயின்ற் 2013 முதல் புதிய ஸ்லைட்டின் வழக்கமான அளவு 13.333க்கு 7.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 339 மில்லிமீற்றர் அகலம். ஏ4 தாளைக் குறுக்காகப் போட்டாலும் 297தான். பிடிஎவ்வை 'அக்சுவல் சைஸ்', அதாவது சுருக்காமல் உள்ள அளவிலேயே, என்று கொடுத்தால் நாலு சென்ரிமீற்றருக்கு மேல் வெளியே போகும். பழைய 4:3 ஸ்லைட் 10 அங்குலம், அதாவது 254 மில்லிமீற்றர் என்பதால் அது தாளுக்குள் அடங்கிவிடும். "சேரின்ர பழைய ஸ்லைட் வடிவா வருது, இந்த வருசத்து ஸ்லைட்தான் வெட்டுப்படுது" என்று வருகிறவர்களுக்கு இதுதான் காரணம்.

ஒற்றைப் பக்கங்கள் நேராகவும் பின்பக்கங்கள் தலைகீழாகவும் இருந்தால் புரட்டும் ஓரம் மாறிவிட்டது. அதற்குக் கீழே தனியாக வருகிறேன், அது எனக்குக் கை சுட்ட இடம்.

மவுஸைத் தொட முன்னர்

கடையில் யாராவது பென்ட்ரைவை நீட்டினால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பக்கம் ஸ்ரேப்ளர் குத்துறது?" பலர் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். பிரின்ற் எடுக்கவே இல்லை, அதற்குள் குத்துவதைப் பற்றி ஏன் பேச்சு என்று. ஆனால் தாள் நெடுக்கா குறுக்கா, ஒரு தாளில் எத்தனை ஸ்லைட், எந்த ஓரத்தால் புரட்டுவது என்ற மூன்றுக்கும் விடை அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

சாதாரணமாக இட மேல் மூலையில் குத்தி, மற்ற ரியூட்டுகளோடு ஒரே ஃபைலில் போடப்போகிறீர்கள் என்றால் நெடுக்குத் தாள், ஒன்றன்கீழ் ஒன்றாக 2 ஸ்லைட். பரீட்சைக்குப் படிக்க இதைவிட நல்ல அமைப்பு இல்லை என்பது என் அபிப்பிராயம். பெரிய வரைபடங்கள், உடற்கூற்றுப் படங்கள் உள்ள பாடம் என்றால் ஒரு தாளில் ஒன்று, குறுக்காக, இடப்பக்கக் குறுகிய ஓரத்தில் இரண்டு குத்து. ஸ்பைரல் பைன்டிங் என்றால் எந்த ஓரத்தில் துளை விழும் என்பதையும் இப்போதே முடிவெடுக்க வேண்டும். துளை போட்ட பிறகு யோசித்துப் பயனில்லை.

பவர்பொயின்ற்றில்

கோப்பைத் திறந்து கன்ட்ரோல் விசையோடு பி விசையை அழுத்துங்கள். பிரின்ற் பக்கம் வரும். வலப்பக்கம் முன்காட்சி, இடப்பக்கம் செற்றிங்ஸ். முன்காட்சியில் தெரிவதுதான் தாளில் வரப்போவது. அவசரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

முதலில் மேலே பிரின்ரரின் பெயர் சரியா என்று பாருங்கள். பிறகு செற்றிங்ஸில் 'ஃபுல் பேஜ் ஸ்லைட்ஸ்' என்று எழுதியிருக்கும் பெட்டியைத் திறவுங்கள். ஃபுல் பேஜ் ஸ்லைட்ஸ், நோட்ஸ் பேஜஸ், அவுட்லைன் என்று மூன்று மேலே இருக்கும். கீழே ஹான்டவுட்ஸ் என்று 1, 2, 3, 4, 6, 9 ஸ்லைட்டுகளுக்கான அமைப்புகள் இருக்கும். அதற்கும் கீழே 'ஃபிரேம் ஸ்லைட்ஸ்', 'ஸ்கேல் ரு ஃபிற் பேப்பர்' என்று சரி போடும் இடங்கள். இரண்டாவதற்கு எப்போதும் சரி போடுங்கள். முதலாவது, வெள்ளைப் பின்னணி ஸ்லைட்டுகளை ஒரு தாளில் பலதாக எடுக்கும்போது தேவை. கோடு இல்லாவிட்டால் எந்த வரி எந்த ஸ்லைட் என்று தெரியாது.

புதியவர்கள் தடுமாறும் இடம் இனித்தான். ஃபுல் பேஜ் ஸ்லைட்ஸ் தெரிவு செய்திருக்கும்போது போர்ட்ரெயிற், லான்ட்ஸ்கேப் என்ற தெரிவை அங்கே தேடினால் கிடைக்காது. ஸ்லைட் கோப்புக்குள் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் தாளிலும் விழும். ஹான்டவுட்ஸோ நோட்ஸ் பேஜஸோ தெரிவு செய்தால்தான் அந்தப் பெட்டி தலைகாட்டும். அங்கே நீங்கள் மாற்றுவது தாளின் அடுக்கை மட்டும், உள்ளே இருக்கும் ஸ்லைட் அப்படியே இருக்கும்.

ஸ்லைட்டின் திசையையே மாற்ற வேண்டும் என்றால் 'டிசைன்' என்ற தாவலுக்குப் போய் 'ஸ்லைட் சைஸ்', அதற்குள் 'கஸ்டம் ஸ்லைட் சைஸ்'. அந்தப் பெட்டியில் இரண்டு திசைத் தெரிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேலே உள்ளது ஸ்லைட்டுகளுக்கு, கீழே உள்ளது நோட்ஸுக்கும் ஹான்டவுட்டுக்கும். கீழே உள்ளதை மாற்ற நினைத்து மேலே உள்ளதை மாற்றி, விரிவுரையாளரின் 70 ஸ்லைட்டையும் நெடுக்காக்கி, எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று இடிபட நிற்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அப்படி மாற்றும்போது 'மாக்ஸிமைஸ்' அல்லது 'என்ஷுவர் ஃபிற்' என்று ஒரு கேள்வி வரும். முதலாவது உள்ளடக்கத்தைப் பெரிதாக வைத்திருக்கும், ஓரம் வெளியே போகலாம். இரண்டாவது எல்லாவற்றையும் சுருக்கி உள்ளே அடக்கும். இன்னொருவர் தந்த ஸ்லைட் என்றால் இந்தப் பெட்டிக்குள் போகாமலிருப்பதே நல்லது. போய்விட்டீர்கள் என்றால் சேமிக்காமல் மூடிவிட்டுத் திரும்பத் திறவுங்கள்.

நீங்களே புதிதாகச் செய்யும் ஸ்லைட் என்றால் அது வேறு கதை. ஏ4 தாளில் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் தொடங்கும்போதே அளவை வையுங்கள். ஆனால் பட்டியலில் இருக்கும் 'ஏ4 பேப்பர்' என்பதை நம்பி முழுத் தாளும் நிரம்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது 27.52க்கு 19.05 சென்ரிமீற்றர்தான், ஓரத்துக்கு இடம் விட்டு வைத்த அளவு. உண்மையான ஏ4 வேண்டுமென்றால் 29.7, 21 என்று கையால் அடிக்க வேண்டும். ஆய்வுப் போஸ்ரர் செய்கிறவர்களும் அப்படித்தான், ஏ1 என்றால் 59.4, 84.1. எல்லாம் அடுக்கி முடித்த பிறகு அளவை மாற்றினால் அந்த இரவு நித்திரை இல்லை.

ஒரே கோப்பில் சில ஸ்லைட் நெடுக்காகவும் சில குறுக்காகவும் வைக்கப் பவர்பொயின்ற் விடாது. அப்படித் தேவைப்பட்டால் இரண்டு கோப்பாகச் செய்து, இரண்டையும் பிடிஎவ்வாக்கி ஒன்றாகச் சேர்க்கலாம். பிடிஎவ்வுக்குள் ஒவ்வொரு பக்கமும் தன் திசையில் இருக்கும்.

பிடிஎவ் ஆக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்

கடைக்குக் கொண்டுவருகிறீர்கள் என்றால் வீட்டிலேயே பிடிஎவ் ஆக்கிக்கொண்டு வாருங்கள். 'சேவ் அஸ்' போய் வகையைப் பிடிஎவ் என்று மாற்றினால் போதும். அங்கே 'ஒப்ஷன்ஸ்' என்ற பொத்தானுக்குள் 'பப்ளிஷ் வட்' என்ற இடத்தில் ஸ்லைட்ஸ் என்றே இருக்க வேண்டும். முன்பு யாரோ ஹான்டவுட்ஸ் என்று விட்டிருந்தால் பிடிஎவ்வும் நெடுக்காகவே வந்து சேரும்.

இதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது: பாமினி. இன்றைக்கும் ஆசிரியர்கள் பலர் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துரு இருக்கும் கணினியிலேயே பிடிஎவ் ஆக்கினால் எழுத்தும் கூடவே வந்துவிடும், வரி உடைந்து ஸ்லைட்டுக்கு வெளியே போவதும் இல்லை.

இனி அக்ரோபற் ரீடரில் திறந்து பிரின்ற் கொடுங்கள். ஒரு தாளில் ஒன்று என்றால் 'சைஸ்' என்பதில் 'ஃபிற்', ஓரியன்ரேசனில் 'ஓட்டோ'. வேறொன்றும் வேண்டாம். ஒரு தாளில் பலது என்றால் 'மல்ரிப்பிள்'. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2 ஸ்லைட்டை நெடுக்குத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 210க்கு 118 மில்லிமீற்றர் கிடைக்கும். அதே 2 ஸ்லைட்டைக் குறுக்குத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏறத்தாழ 148க்கு 83தான். அரைவாசி. மேலும் கீழும் வெள்ளை கிடக்கும். 4 ஸ்லைட் என்றால் நேர்மாறு. குறுக்குத் தாளில் இரண்டுக்கு இரண்டாக வைத்தால் ஒவ்வொன்றும் 148க்கு 83. நெடுக்குத் தாளில் 4 வைத்தால் 105க்கு 59 ஆகச் சுருங்கிவிடும். பார்த்தீர்களா, குறுக்குத் தாளில் 2 வைத்தாலும் 4 வைத்தாலும் எழுத்தின் அளவு ஒன்றுதான். 2 வைத்தவர் இரண்டு மடங்கு தாளுக்குக் காசு கொடுக்கிறார்.

6 ஸ்லைட்டை நெடுக்குத் தாளில் இரண்டு நிரலாக வைத்தாலும் 105க்கு 59தான். 'கஸ்டம்' போய் 2க்கு 4 என்று அடித்து 8 ஸ்லைட் வைத்தாலும் அதே 105க்கு 59! அகலம்தான் அளவைத் தீர்மானிக்கிறது, உயரத்தில் இடம் சும்மா கிடக்கிறது. ஆகவே 6 என்று கேட்கிறவர்களுக்கு நான் 8 போட்டுக் கொடுப்பேன், இரண்டு ஸ்லைட் இலவசம் மாதிரி. இது 16:9 ஸ்லைட்டுக்கு. பழைய 4:3 ஸ்லைட் கொஞ்சம் உயரம் என்பதால் 8 வைத்தால் சற்றுச் சுருங்கும். பிரின்ரர் ஓரத்தில் விடும் சில மில்லிமீற்றரை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஒப்பீடு அதனால் மாறாது.

சுருக்கமாக, 1 குறுக்கு, 2 நெடுக்கு, 4 குறுக்கு, 8 நெடுக்கு. கடைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். 9 ஸ்லைட் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன், ஆனால் படிக்கக் கண்ணாடி தேவைப்படும்.

பவர்பொயின்ற்றின் சொந்த ஹான்டவுட் நாலு பக்கமும் தாராளமாக வெள்ளை விடும். அதனால்தான் பிடிஎவ் வழி. ஒரே விதிவிலக்கு ஹான்டவுட்ஸில் இருக்கும் 3 ஸ்லைட் அமைப்பு. இடப்பக்கம் ஸ்லைட், வலப்பக்கம் எழுதக் கோடுகள். விரிவுரைக்கு முன்னரே ஸ்லைட் கிடைத்தால், அந்த அமைப்பில் நெடுக்காக எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவது புத்தி. 4, 6, 9 எடுக்கும்போது 'ஹொரிசோன்ரல்', 'வேர்ட்டிக்கல்' என்று இரண்டு வகை இருக்கும். அது தாளின் திசையைப் பற்றியது என்று நினைத்து ஏமாற வேண்டாம். ஸ்லைட் 1க்குப் பிறகு 2 பக்கத்தில் வருமா, கீழே வருமா என்பதுதான் அது.

இரண்டு பக்கமும் அடிப்பது

2022இல் கடதாசி கிடைக்காமல் நாடே திண்டாடியது ஞாபகம் இருக்கும். அந்த மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். எங்கள் கடையிலும் ஒவ்வொரு தாளும் எண்ணித்தான் போகும். அந்த நேரத்தில் ஒரு ரியூசன் ஆசிரியருக்கு 60 ஸ்லைட்டை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு பக்கமும், 25 பிரதி எடுக்கக் கொடுத்தார்கள். 30 தாள், 25 பிரதி, 750 தாள். ஒன்றரை ரீம். முதல் தாளை எடுத்துப் பார்த்தேன், ஸ்லைட் வடிவாகக் குறுக்காக, முழு அகலத்துக்கு வந்திருந்தது. ஓட விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். பின்பக்கத்தைப் பார்க்கவில்லை.

வந்து இடப்பக்கம் குத்தப் போகும்போதுதான் தெரிந்தது. புத்தகம் மாதிரிப் புரட்டினால் ஒவ்வொரு பின்பக்கமும் தலைகீழ். வியர்த்துவிட்டது. அந்த நாட்களில் ஒன்றரை ரீம் தாளுக்கு நான் எங்கே போவது?

பத்து நிமிடம் ஒரு தாளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு ஸ்ரேப்ளரை எடுத்து மேல் ஓரத்தில் குத்தினேன். இடப்பக்கத்துக்குப் பதிலாக மேலே, நீண்ட ஓரத்தில். இப்போது சுவர் நாட்காட்டியைப் போல மேல்நோக்கிப் புரட்டினால் எல்லாப் பக்கமும் நேர். ஒரு தாளும் வீண் போகவில்லை. ஆசிரியர் வாங்கிப் பார்த்து, "இது புது மொடலா இருக்குதே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்களும் ஒரு வெற்றுத் தாளை எடுத்துச் செய்து பாருங்கள். குறுக்காகப் பிடியுங்கள். புத்தகம் போலப் புரட்டினால் இடப்பக்கக் குறுகிய ஓரத்தைச் சுற்றித் தாள் திரும்புகிறது. பிரின்ற் பெட்டியில் இதற்குப் பெயர் 'ஃபிளிப் ஒன் ஷோர்ட் எட்ஜ்'. நாட்காட்டி போலப் புரட்டினால் மேலே இருக்கும் நீண்ட ஓரத்தைச் சுற்றித் திரும்புகிறது, அது 'ஃபிளிப் ஒன் லோங் எட்ஜ்'. நெடுக்குத் தாளில் நீண்ட ஓரம் இடப்பக்கத்தில் இருப்பதால் புத்தகம் போலப் புரட்ட லோங் எட்ஜ். பிரின்ரர்கள் வழக்கமாக லோங் எட்ஜில்தான் இருக்கும், ஏனென்றால் உலகத்தில் பெரும்பாலான தாள் நெடுக்காகத்தான் அச்சாகிறது. ஸ்லைட்டைக் குறுக்காக எடுத்து இடப்பக்கம் குத்துகிறவர்கள்தான் அதை மாற்ற வேண்டும். இரண்டு துளை போட்டு நீண்ட ஓரத்தால் ஃபைலில் கோக்கிறீர்கள் என்றால் குறுக்கு ஸ்லைட்டுக்கும் லோங் எட்ஜ்தான், ஃபைலைத் திருப்பி வைத்துப் படிப்பீர்கள்.

தானாக இரண்டு பக்கமும் அடிக்காத வீட்டுப் பிரின்ரர் என்றால், ரீடரில் முதலில் ஒற்றைப் பக்கங்கள், பிறகு அதே தாளைத் திரும்ப வைத்து இரட்டைப் பக்கங்கள். எந்தப் பக்கம் மேலே, எந்த முனை உள்ளே என்பது பிரின்ரருக்குப் பிரின்ரர் மாறும். ஒரு தாளில் பென்சிலால் மேல்நோக்கி அம்புக்குறி போட்டு, தட்டில் வைத்து, ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள். அம்பு எந்தப் பக்கம் வந்தது, எழுத்து எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அதைப் பிரின்ரரின் மூடியில் ஒட்டி வைத்தால் அடுத்தமுறை மூளையைக் கசக்க வேண்டாம்.

முன்காட்சி சரி, தாள் பிழை

திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தும் தாளில் பிழையாக வந்தால் சந்தேகம் பிரின்ரர் மேல். விண்டோஸில் செற்றிங்ஸ் போய், பிரின்ரர்ஸ் பகுதியில் உங்கள் பிரின்ரரைத் தெரிவு செய்து, 'பிரின்ரிங் பிரிஃபரன்சஸ்' திறவுங்கள். அங்கே மூன்றைப் பாருங்கள். தாள் அளவு ஏ4தானா? பல பிரின்ரர்கள் அமெரிக்க லெற்றர் அளவில் வந்து சேரும். லெற்றர் 216க்கு 279 மில்லிமீற்றர், ஏ4ஐவிட அகலம் கூட, நீளம் குறைவு. அந்த வித்தியாசம் ஓரத்தை வெட்டும், அல்லது 'தாள் இல்லை' என்று பிரின்ரர் அடம்பிடித்து நிற்கும், தட்டு நிறையத் தாள் இருக்கும்போதே. அடுத்தது, ஒரு தாளில் இத்தனை பக்கம் என்ற தெரிவு 1இல் இருக்கிறதா? இங்கே 2 என்று யாரோ விட்டிருக்க, நீங்கள் பவர்பொயின்ற்றில் 4 கொடுத்தால் எட்டு ஸ்லைட் எறும்பு அளவில் வரும். எங்கள் கடையில் முந்தின வாடிக்கையாளருக்குப் போட்ட செற்றிங் அப்படியே நின்று அடுத்தவரைப் பழிவாங்குவது கிழமைக்கு ஒருமுறையாவது நடக்கும். மூன்றாவது, 180 பாகை திருப்பு என்பது போல ஒரு சரி எங்காவது விழுந்திருக்கிறதா?

திசையை மட்டும் இங்கே மாற்றாமல் விடுங்கள். பவர்பொயின்ற்றோ ரீடரோ தன் திசையைத் தானே சொல்லி அனுப்பும். இரண்டு இடத்திலும் திருப்பினால் எது வெல்லும் என்று பந்தயம் கட்டித்தான் பார்க்க வேண்டும்.

போன்காரருக்கு

வட்ஸ்அப்பில் வந்த ஸ்லைட்டைப் போனில் திறந்து ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பாதீர்கள். அது படம், எழுத்து மங்கும், திசையும் படத்துக்குப் படம் மாறும். கோப்பையே அனுப்புங்கள், முடிந்தால் பிடிஎவ்வாக. கூகுள் ஸ்லைட்ஸ் பாவிக்கிறவர்கள் கணினியில் 'ஃபைல்' மெனுவில் பிரின்ற் முன்காட்சிக்குப் போனால், ஒரு தாளில் எத்தனை, நெடுக்கா குறுக்கா என்று அங்கேயே தெரிவு இருக்கும். பின்னணியை மறைக்கும் பொத்தானும் உண்டு. கடும் நீலப் பின்னணி ஸ்லைட்டுகளுக்கு அது ரோனரைக் காப்பாற்றும். லிபர் ஒஃபிஸ் இம்ப்ரெஸில் ஸ்லைட் மெனுவுக்குள் 'ஸ்லைட் புரொப்பர்ட்டீஸ்'. மற்றதெல்லாம் இதே கதைதான்.

எந்த வழியில் போனாலும் முழுவதையும் கொடுக்க முன்னர் ஒரு தாள் மட்டும் எடுங்கள். இரண்டு பக்கமும் அடிப்பதென்றால் முதல் நாலு பக்கம், அதாவது இரண்டு தாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, குத்தப்போகும் மூலையைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு புரட்டிப் பாருங்கள். பெருவிரல்தான் அப்போதைக்கு ஸ்ரேப்ளர்.

அந்தப் பிள்ளையிடம் இன்னும் இரண்டு விரிவுரை எடுக்க இருந்தது. அவற்றை நெடுக்குத் தாளில் இரண்டிரண்டாக, இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்தேன். 94 ஸ்லைட், 24 தாள். அந்த 48 தாள் கட்டை எறியவா என்று கேட்டாள்.

"ஏன் எறியிறியள்? கீழ்ப் பாதி சும்மாதானே கிடக்குது. சேர் சொன்னதை அதிலை எழுதுங்கோ."

கொஞ்ச நேரம் கட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்ப இது நோட்ஸ் பேஜஸ்தான்" என்றாள். இட மேல் மூலையில் கனமான பின் போட்டுக் குத்திக் கொடுத்தேன். குத்தினதுக்குக் காசு வாங்கவில்லை.